துடைப்பமா தண்டனை?

ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைந்த மதிப்புள்ள பொருளைத் திருடினான் ஒருவன். அகப்பட்டான். பொருளைத் திருப்பியும் கொடுத்துவிட்டான். இதற்குமுன் தண்டனை பெற்றவனும் அல்லன். அவனை என் செய்வது? சிறைக்கு அனுப்ப வேண்டா, சமுதாயத் தொண்டு செய்யச் சொல்க என்கிறது, 2024 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம். பாரதிய நியாய சன்ஹிதா என்று பெயர். நம் உழவனின் நாக்கைச் சுளுக்க வைக்கும் பெயர்! பெயர் கிடக்கட்டும், கருத்து நல்ல கருத்தே. பசிக்குத் திருடியவனைப் பக்காத் திருடரோடு பூட்டிவைத்துப் பாடம் கற்பித்து அனுப்புவதைவிட, ஊருக்கு உழைக்க வைப்பது மேலன்றோ?

ஆறு குற்றங்களுக்கு இத் தண்டனை உண்டு. சமுதாயத்துக்குப் பயன்படும் பணியாக இருக்க வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. விளக்கம் இவ்வளவே. எந்த இடத்தில் செய்வது? எத்தனை மணி நேரம்? சட்டம் வாய் திறக்கவில்லை. இங்கிலாந்து 1972இல் இத்தகைய சட்டம் இயற்றியபோது, நாற்பது மணிக்குக் குறையாமலும் இருநூற்று நாற்பது மணிக்கு மேற்படாமலும் என்று அளவு வகுத்தது. அப் பகுதியில் செய்வதற்கு வேலை இருக்கிறது என்று உறுதியான பின்னரே நீதிமன்றம் ஆணையிடலாம் என்றது. குற்றவாளியின் இசைவையும் கேட்டது. இடத்தை முதலில் தேடினான் அவன். ஆணையை முதலில் எழுதினோம் நாம்.

சட்டம் இடத்தைச் சொல்லாதபோது, தேடுகிறவர் கண்ணுக்கு முதலில் தென்படுவது எது? துடைப்பம்! கழிவறையைக் கழுவு, தெருவைக் கூட்டு, சாக்கடையை அள்ளு. தண்டனை என்றதும் நம் மனம் அங்கேதான் ஓடுகிறது. என் மனமும் ஓடிற்று, தோழர்களே! ஆசிரியப் பணியேற்ற முதலாண்டு அது. வகுப்பில் கூச்சலிட்ட சிறுவன் ஒருவனை, "ஒரு வாரம் வகுப்பறையைக் கூட்டு, அதுதான் உனக்குத் தண்டனை" என்றேன். அவன் அழவில்லை, முறைக்கவும் இல்லை. "எங்கம்மா தெனமும் ஊரைக் கூட்டுதே சார், அது என்ன தப்பு செஞ்சுது?" என்று கேட்டான். பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. துடைப்பத்தை நான் வாங்கிக் கூட்டினேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும், உண்மை அதுவன்று. போய் உட்கார் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒருவன் பிழைப்பை இன்னொருவனுக்குத் தண்டனையாக விதித்தால், பிழைப்பவனை அன்றாடம் தண்டனை அனுபவிப்பவன் என்று அறிவிக்கிறோம். தஞ்சைத் தரணிக்கு இது புதிதா? சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணையாரின் தண்டனைச் சட்டமாக இருந்த மண்ணல்லவா இது! 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம்தான் அந்தக் கொடுமைக்கு முடிவு கட்டியது. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்க 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டம் செய்தனர். யாரை இழுக்கலாம்? உழைக்கும் வகுப்பாரை! காவிரியின் வெள்ளம் மிராசுதாரர் வயலையும் மூழ்கடிக்கும். மண் சுமப்பதோ மற்றவன் தோள். சிறைக்குள்ளும் இதே கதை. சாதி பார்த்துச் சமையலும் துப்புரவும் பங்கிட்ட சிறை விதிகளை 2024 அக்டோபர் 3இல்தான் உச்ச நீதிமன்றம் செல்லாதென அடித்தது. மதிலுக்குள்ளிருந்து விரட்டப்பட்ட வழக்கம், சமுதாயத் தொண்டு என்ற புதுச் சட்டை மாட்டிக்கொண்டு மதிலுக்கு வெளியே உலவவா நாம் இடம் கொடுப்பது?

பொதுக் காரியத்துக்காகக் கட்டாயப் பணி வாங்கும்போது சமயம், இனம், சாதி, வகுப்பு பார்த்து வேற்றுமை காட்டலாகாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. ஆனால் ஓட்டை ஒன்று உண்டு. குடித்துவிட்டுப் பொது இடத்தில் அமளி செய்தால் ஒரு நாளுக்கு மேற்படாத சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது சமுதாயத் தொண்டு. பணக்காரன் ஆயிரத்தை வீசிவிட்டுக் காரில் ஏறுவான். பண்ணையாள் மகன் துடைப்பம் எடுப்பான். தீர்ப்பு எழுதுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். தொண்டு நல்லதெனில், காசுள்ளவனுக்கும் அந்த நன்மை கிட்டட்டுமே!

இடமா இல்லை நாட்டில்? தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று பாருங்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அறைக்குப் போவதென்று திகைத்து நிற்கும் கிழவிகள் எத்தனை பேர்! அவர்களுக்கு வழிகாட்ட ஆள் வேண்டும். குடித்து வண்டி ஓட்டியவன் விபத்துப் பிரிவு வாயிலில் தள்ளுவண்டி தள்ளட்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் எழுத்தறியாத உழவனுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரட்டும் படித்த குற்றவாளி. நூலகங்களில் கிழிந்து கிடக்கும் நூல்கள் ஆயிரம்; மாலையில் பாடம் கேட்க ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகள் அதனினும் மிகுதி. பிள்ளைகளிடம் யாரை அனுப்புவது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். அதை ஆசிரியனாகவே சொல்கிறேன்.

வாய்க்கால் தூர் வாரலாமே என்பார் சிலர். கூடாது! ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்கும் என்று எதிர்பார்த்துக் கோடையில் நடக்கும் அந்த வேலையில், எந்திரம் பிடுங்கியது போக எஞ்சியதுதான் கூலிக்காரனுக்குச் சோறு. கூலியில்லாக் கைதியை அங்கே இறக்கினால், திருடாதவன் வயிற்றில் திருடுவது சட்டமே ஆகும்.

ஆகவே பட்டியல் வேண்டும், மாவட்டந்தோறும், ஊர் அறிய. எந்த இடம், என்ன பணி, எத்தனை மணி, யார் கையெழுத்து என்பதெல்லாம் நீதிமன்ற வாயிலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கழிவறை அப் பட்டியலில் ஏறுமானால், அங்கே அன்றாடம் பணியாற்றும் அம்மையாரை அழைத்து, அவரையே மேற்பார்வையாளராக நாற்காலியில் அமர்த்துங்கள். தண்டனை பெற்றவனின் ஏட்டில் கையெழுத்து அவர் போடட்டும்.