ஷீட்டை உடைக்காமல் இறக்குங்கள், தரைக்கு அடியில் புதைக்காதீர்கள்

ஆலங்குடி வட்டாரத்தில் வீட்டைப் புதுப்பிக்க இருக்கும் எல்லோருக்கும், கட்டட வேலை பார்க்கும் நாங்கள் விடுக்கும் வேண்டுகோள் இது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் பக்கத்துத் தென்னையையும் பலாவையும் சாய்த்தபோது, ஷீட் கூரைகளையும் பெயர்த்து வீசியது. அன்று தப்பிய கூரைகளும், அதன்பின் அவசரத்துக்குப் போட்ட கூரைகளும் இப்போது ஒவ்வொன்றாக இறங்கி, கான்கிரீட் தளம் வருகிறது. நல்லதுதான். இறக்கும் விதம்தான் கவலை தருகிறது. ஜே போல்ட் துருவேறித் திருகவில்லை என்றால் சுத்தியலால் ஒரு போடு. விழுந்த துண்டுகளை அள்ளி, மேடுபள்ளமான தரையில் பள்ளம் பார்த்துக் கொட்டி, மேலே சிமெண்டும் டைல்ஸும். கழிவும் ஒழிந்தது, தரையும் மட்டமானது என்று தோன்றும். உண்மையில் ஆபத்து வீட்டுக்குள்ளேயே குடியேறுகிறது.

பழைய ஷீட்டின் உடைந்த விளிம்பை வெயிலில் உற்றுப் பார்த்தால் பஞ்சுபோல வெளிறிய நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும்வரை அது காற்றில் கலப்பது குறைவு. உடைத்தாலோ, கட்டிங் மெஷினால் அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகளாகப் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. 60க்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. நம் நாடோ புதிய சுரங்கக் குத்தகை தருவதை 1986இல் நிறுத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறது. ஆகவே கடையில் விற்பதாலேயே தீங்கில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

முப்பது வருஷமாக இந்தக் கூரையின் கீழேதானே இருக்கிறோம், என்ன ஆனது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கல்நாரால் வரும் புற்றுநோய் தலைகாட்டவே 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவுகளை 40 ஆண்டு காத்து வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டதை நினைத்துப் பாருங்கள். ஆலைக்காரர்களின் நோய் நமக்கெதற்கு என்றும் சொல்லிவிட முடியாது. 1965இல் லண்டனில் வெளியான ஆய்வில், கல்நாரால் வரும் மார்பு, வயிற்றுச் சவ்வுப் புற்றுநோய்க்கு ஆளான 76 பேரில் 9 பேர் ஆலைப் பக்கமே போகாதவர்கள். கல்நார் வேலை பார்த்தவர்களின் வீட்டார். பெரும்பாலும் வேலைத் துணியைத் துவைத்துப் போட்ட மனைவிமார். சித்தாள் வேலை முடித்து வீடு திரும்பும் பெண், அதே சேலையோடு பிள்ளையைத் தூக்குகிறாள். அவளுக்காகவும்தான் எழுதுகிறோம்.

செலவு கூடும் என்பது அடுத்த தயக்கம். முக்கியமாக வேண்டியது தண்ணீரும் பொறுமையும்தான். ஷீட்டை நன்றாக நனையுங்கள். போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றுங்கள். வராவிட்டால் போல்ட்டைத்தான் வெட்ட வேண்டும், ஷீட்டை அல்ல. ஷீட்டின்மேல் ஏறி நிற்காதீர்கள். பழைய ஷீட் ஆள் பாரம் தாங்காது. ஷீட்டைச் சுமந்து நடக்கும் பாதையிலுள்ள குழிகளை முதலில் மண்ணால் நிரவுங்கள், கால் இடறினால் கையிலிருப்பது சிதறும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது தவறு. அந்த இழை துணியில் நிற்காது. எஃப்எஃப்பி3 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். உதிர்ந்ததைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு கட்டி வையுங்கள். தரையை மட்டப்படுத்தச் செங்கல் ஜல்லியும் மணலும் போதும். இன்று அடியில் போட்ட ஷீட் துண்டை, பத்து வருஷம் கழித்துக் கழிவறைக் குழாய்க்காகத் தரையை உடைக்க வரும் பையன் அறியமாட்டான்.

இறக்கிய ஷீட்டைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டி வையுங்கள். ஆட்டுக் கொட்டகைக்கோ வேலிக்கோ கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டடக் கழிவை அகற்ற ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2016ஆம் ஆண்டு விதிகள் கூறின. கல்நார் ஷீட்டுக்கென்று தனி இடம் ஒதுக்கி, அதை முறையாக அப்புறப்படுத்தும்படி ஆலங்குடிப் பேரூராட்சியைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். வீட்டுக்கு ஒருவராவது அதில் கையெழுத்துப் போடுங்கள்.