மெக்கானிக்கல் வகுப்புகள் ஏன் காலியாகின்றன?

ஒவ்வோர் ஆண்டும் பொறியியல் கலந்தாய்வு முடிந்ததும் ஒரே வகையான புலம்பல் எழுகிறது. கணினி அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் தொடக்கச் சுற்றுகளிலேயே நிரம்பிவிட, இயந்திரப் பொறியியலில் இடங்கள் தேங்கிக் கிடக்கின்றன. மாணவர்கள் கணினி மோகத்தில் அடித்துச் செல்லப்படுவதாகக் கல்வியாளர்கள் வருந்துகின்றனர். தொழிலதிபர்களோ, ஆலைகளுக்குத் தகுதியான இளம் பொறியாளர்களுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவுவதாகக் கூறுகின்றனர். பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த இரண்டாவது கூற்றுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு என்றால் அதன் விலை ஏற வேண்டும். சந்தையில் தக்காளி வரத்து குறைந்தால் மறுநாளே விலை ஏறுவதைப் பார்க்கிறோம். இயந்திரப் பொறியியல் பட்டதாரிக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு இருக்குமானால், அவருடைய தொடக்க ஊதியம் ஆண்டுதோறும் உயர்ந்திருக்க வேண்டும். நடப்பது வேறு. பட்டம் பெற்றவர் ஆலைக்குள் நுழையும்போது பெரும்பாலும் ஊழியராக நுழைவதில்லை. 'டிரெய்னி'யாக, தொழில் பழகுநராக, ஒப்பந்ததாரரின் ஆளாக நுழைகிறார். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், 2019-இல் பட்டதாரிகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாத உதவித்தொகை 9,000 ரூபாய். அதிலும் ஒரு பகுதியை மத்திய அரசே ஈடுசெய்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ பகிர்ந்து தங்கும் அறைக்கு வாடகையும் மெஸ் கட்டணமும் கொடுத்த பின் அதில் என்ன மிஞ்சும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பயிற்சிக்காலம் முடிந்ததும் நிரந்தரப் பணி கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. இந்த நிலையில் தட்டுப்பாடாக இருப்பது பொறியாளர்களா, அவர்களுக்குரிய ஊதியத்தைக் கொடுக்கும் மனமா?

ஆகவே, மாணவர்களின் தேர்வை மோகம் என்று ஏளனம் செய்வதை நான் ஏற்கவில்லை. மூத்த மாணவர் என்ன சம்பளத்தில் சேர்ந்தார் என்பதைக் கேட்டறிந்து, தன் குடும்பத்தின் கடன் சுமையையும் எண்ணிப் பார்த்து, ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை எடுக்கும் முடிவு அது. பொருளியல் பாடநூல் எதிர்பார்ப்பதும் அப்படிப்பட்ட முடிவைத்தான்.

ஆனால், அந்த முடிவுகள் ஒன்றுசேரும்போது வேறொரு சிக்கல் பிறக்கிறது. சின்ன வெங்காயம் பயிரிடுவோருக்கு இது நன்றாகத் தெரியும். ஓராண்டு விலை ஏறினால் மறு ஆண்டு எல்லோரும் அதையே நடுகிறார்கள். அறுவடையின்போது விலை சரிகிறது. அதற்கடுத்த ஆண்டு நடுவோர் குறைகிறார்கள். பொருளியலில் இதற்குச் சிலந்தி வலைக் கோட்பாடு என்று பெயர். அமெரிக்கப் பொருளியலறிஞர் ரிச்சர்ட் ஃப்ரீமன், 1976-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கோட்பாட்டைப் பொறியியல் கல்விக்குப் பொருத்திக் காட்டினார். மாணவர்கள் இன்றைய ஊதியத்தைப் பார்த்துப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலைச் சந்தைக்கு வருவதோ நான்கு ஆண்டுகள் கழித்து. இடையில் சந்தை மாறிவிடுகிறது.

தமிழகத்திலும் இந்த ஊசலாட்டத்தைக் கண்டிருக்கிறோம். 2008 உலகப் பொருளாதார நெருக்கடியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஆட்சேர்ப்பைக் குறைத்த பிறகு, 2010-களின் முதற்பாதியில் கலந்தாய்வில் பலரும் விரும்பிக் கேட்ட பிரிவுகளுள் ஒன்று மெக்கானிக்கல். 'எவர்கிரீன்' என்று பெற்றோர் அதற்குப் பட்டமும் சூட்டியிருந்தனர். கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு பிரிவுகளைக் கூட்டின. அந்தப் பெருங்கூட்டம் பட்டம் பெற்று வெளியே வந்தபோது பயிற்சி ஊதியத்துக்கே நெரிசல் ஏற்பட்டது. இன்று கணினிப் பிரிவுகளை நோக்கிப் பாயும் வெள்ளத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து என்ன நேரும் என்பதை ஊகிக்கப் பெரிய புலமை வேண்டியதில்லை.

வெங்காய வயலுக்கும் கல்லூரிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. விலை ஏறினால் விவசாயி அடுத்த பட்டத்திலேயே மீண்டும் வெங்காயம் நடலாம். மூடப்பட்ட இயந்திரப் பொறியியல் துறையை அப்படித் திறக்க முடியாது. லேத்துகளும் வார்ப்புக் கூடமும் வெப்பப் பொறி ஆய்வகமும் பழைய இரும்பு விலைக்குப் போய்விடும். அவற்றை இயக்கக் கற்றுக்கொடுத்த ஆய்வக உதவியாளர்களும் ஆசிரியர்களும் வேறு பிழைப்பைத் தேடிக்கொள்வார்கள்.

தனியார் கல்லூரிகளுக்கு இதில் கணக்கு எளிது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு எந்தப் பிரிவானாலும் கட்டணம் ஏறத்தாழ ஒன்றே. செலவோ ஒன்றல்ல. கணினிப் பிரிவுக்குக் கணினிகளும் குளிரூட்டிய அறையும் போதும். இயந்திரவியலுக்குக் கனரக இயந்திரங்களும் இடமும் மூலப்பொருளும் வேண்டும். இந்த நிலையில், ஒரு பிரிவில் எத்தனை இடங்கள் வரை சேர்க்கலாம் என்ற உச்சவரம்பை, தகுதியுள்ள கல்லூரிகளுக்கு 2024-25 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நீக்கியது. விளைவு எதிர்பார்க்கத்தக்கதே.

அரசுக் கல்லூரிகளும் அதே கணக்கைப் போடத் தொடங்குவதுதான் கவலைக்குரியது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. சேர்க்கை குறைந்ததைக் காரணம் காட்டி, உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்திவைப்பதாக 2023 மே மாதத்தில் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே பின்வாங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வழங்கும் மாநிலத்தில், அந்த மாணவர்களுக்கு எட்டும் தொலைவிலும் கட்டணத்திலும் உள்ள கல்லூரிகள் இவை.

பட்டதாரிகளுக்கு வரைபடம் படிக்கத் தெரியவில்லை, வெர்னியர் அளவியைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை என்று ஆலை நிர்வாகிகள் குறைகூறுவதில் உண்மை உண்டு. அதற்கு மருந்து நம்மிடமே இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியலை ஐந்தாண்டு 'சாண்ட்விச்' முறையில் கற்பிக்கிறார்கள். வகுப்பும் ஆலைப் பயிற்சியும் படிப்போடு பிணைந்தே நடக்கின்றன. பம்பும் மோட்டாரும் வார்ப்பும் நிறைந்த ஊரில் அப்படியொரு முறை நிலைபெற்றதில் வியப்பில்லை. ஓசூரிலும் திருச்சியிலும் அதற்கான ஆலைகள் இல்லையா? (திருச்சியில் பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த பற்றவைப்புத் தொழிலின் ஏற்ற இறக்கங்கள் தனிக் கட்டுரைக்குரியவை.)

நாட்டிலேயே அதிக எண்ணிக்கையில் தொழிற்சாலைகள் உள்ள மாநிலம் தமிழகம் என்பதை மத்திய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வு தொடர்ந்து காட்டுகிறது. மின்வாகனம், விண்வெளி, காற்றாலை எனப் புதிய முதலீடுகளும் வருகின்றன. அவற்றுக்கு நிலமும் மூலதன மானியமும் பயிற்சி மானியமும் அரசு தருகிறது. எவ்வளவு முதலீடு, எத்தனை வேலைகள் என்ற இரு எண்களே ஒப்பந்தங்களில் முன்னிற்கின்றன. மூன்றாவதாக ஓர் எண்ணைச் சேர்ப்பதில் என்ன தடை? பணியமர்த்தும் பொறியாளர்களுள் எத்தனை பேர் நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள், அவர்களின் தொடக்க ஊதியம் என்ன என்பதை மானியத்துக்கான நிபந்தனையாக்கலாம். ஆண்டுதோறும் வெளியிடச் செய்யலாம். கலந்தாய்வுக்கு வரும் மாணவரும் அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

அதுவரை, அரசு மற்றும் உறுப்புக் கல்லூரிகளில் பதினைந்து பேர் சேர்ந்தாலும் மெக்கானிக்கல் வகுப்பு நடக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஒரு பெருநிறுவனத்துக்கு நாம் வழங்கும் சலுகையின் முன்னால் மிகச் சிறிய தொகை.