நிறுவலுக்குப் பூட்டு எதற்கு?

கணிதத்தில் ஒரு தேற்றத்தை முன்வைப்பவர் அதன் நிறுவலையும் படிப்படியாக முன்வைத்தாக வேண்டும். அதனைச் சரிபார்க்க விரும்பும் எவரும் யாரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை. நான் கலைப் பட்டதாரி. கணிதம் எனது துறையன்று. எனினும், செய்தியின் மூலம் எது என்று கேட்டே பழகிய எனக்கு இந்த ஒழுங்கின்மீது தனி மதிப்புண்டு.

கணினியின் வருகையோடு இந்த ஒழுங்கில் ஒரு விரிசல் விழுந்தது. 1976 இல் அப்பல், ஹேக்கன் ஆகிய இருவரும் நான்கு நிறத் தேற்றத்தைக் கணினியின் துணைகொண்டு நிறுவினர். அதன்பின் கணினியை நம்பிய ஆய்வுகள் பெருகின. ஆனால் மெத்தமெட்டிக்கா போன்ற வணிக மென்பொருள்களைப் பணம் கொடுத்து வாங்கியவர்கூட, கணிப்பு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முழுமையாகப் பார்க்க இயலாது. விடை மட்டுமே வெளியே வரும்.

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான வில்லியம் ஸ்டைன். எண் கோட்பாட்டில் ஆய்வு செய்து 2000 இல் பேர்க்லியில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மக்மா என்ற மூடிய மென்பொருளுக்குத் தாமே பங்களித்தவர். 2005 இல் அவர் வெளியிட்ட ‘சேஜ்’, பாரி, காப் முதலிய திறந்த மென்பொருள்களைப் பைதன் மொழியால் ஒன்றிணைத்தது. பின்னர் சேஜ்மத் என்று பெயர்பெற்ற அதனை நூற்றுக்கணக்கானோர் கூடி வளர்த்தனர். 2009 இல் வெளிவந்த தமது எண் கோட்பாட்டுப் பாடநூலில் ஸ்டைன் சேஜ் உதாரணங்களைச் சேர்த்தார். நூலை இணையத்தில் இலவசமாகவும் வைத்தார். ஆய்வும் கற்பித்தலும் மென்பொருளும் அவருக்கு ஒரே பணியாகவே இருந்தன.

அத்தகைய மென்பொருளை வளர்க்கத் தேவையான நிதியையும் ஆளணியையும் பல்கலைக்கழகச் சூழலில் திரட்டுவது கடினம் என்பதை அவர் வெளிப்படையாகவே எழுதினார். 2013 இல் ஜென்க்ஸ் நினைவுப் பரிசைப் பெற்ற அவர், 2019 இல் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பேராசிரியர் பதவியைத் துறந்து, தாம் தொடங்கிய நிறுவனத்தின் முழுநேரப் பணிக்குச் சென்றார்.

மென்பொருள் ஆய்வாகாது, அதனை மதிப்பிடுவது எவ்வாறு என்று கேட்போர் உண்டு. சேஜ்மத்தில் சேரவேண்டிய நிரலை, எழுதியவரல்லாத வேறொருவர் படித்து ஏற்க வேண்டும் என்பதே நடைமுறை. ஆய்விதழ்கள் கட்டுரைகளுக்குச் செய்வதும் இதுவேயன்றோ? திறந்த நிரலிலும் பிழை இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தப் பிழையை இன்னொருவர் கண்டுபிடித்துத் திருத்த வழியுண்டு.

பதவியுயர்வுக் குழுக்கள் கட்டுரைகளை எண்ணுவதோடு நின்றுவிடுவது நியாயமன்று. பிறருடைய ஆய்வைத் தாங்கி நிற்கும் ஒரு மென்பொருளை ஆக்கியவருக்கு, அந்த ஆய்வை எழுதியவருக்குரிய இடமே வழங்கப்பட வேண்டும். இல்லையேல், இரண்டையும் செய்ய வல்லவர்கள் இரண்டில் ஒன்றைக் கைவிடுவது தொடரும்.