மகதலா மரியாவுக்கு நீதி வழங்குவோம்

மகதலா மரியா என்றதும் நம் மனக்கண் முன் எழுவது எந்த உருவம்? அவிழ்ந்த கூந்தல், வழியும் கண்ணீர், கையில் பரிமளத் தைலம், பாவ வாழ்வை விட்டுத் திருந்திய விலைமகள். மறையுரைகளிலும் பாஸ்கா நாடகங்களிலும் இவ்வுருவம் இன்னும் உலவுகிறது. ஆனால் நற்செய்தி நூல்களில் தேடிப் பாருங்கள். அங்கே அப்படியொரு மகதலா மரியா இல்லை!

லூக்கா 7ஆம் அதிகாரத்தில், பரிசேயர் சீமோன் வீட்டில் இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்குப் பெயரே தரப்படவில்லை. யோவான் 12ஆம் அதிகாரத்தில் தைலம் பூசுபவர் பெத்தானியா மரியா, இலாசரின் சகோதரி. மகதலா மரியாவோ வேறொருவர். அவர் ஏழு பேய்களினின்று விடுதலை பெற்றவர் என்றும், தம் உடைமையைக் கொண்டு இயேசுவுக்கும் சீடர்க்கும் பணிவிடை செய்தவர்களுள் ஒருவர் என்றும் லூக்கா 8ஆம் அதிகாரம் கூறுகிறது. பாவப் பழி எதையும் அது சுமத்தவில்லை.

பேய் பிடித்திருந்ததே பாவத்துக்குச் சான்று என்பாரும் உளர். மத்தேயு நற்செய்தியில் தீயிலும் நீரிலும் விழுந்த சிறுவனுக்கும், கானானியப் பெண்ணின் மகளுக்கும் பேய் பிடித்திருந்தது. அவர்களை ஒழுக்கம் கெட்டோர் என்று எவரேனும் பழித்ததுண்டா? மரியாவுக்கு மட்டும் ஏன் தனி நீதி?

கி.பி. 591இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் உரோமையில் ஆற்றிய மறையுரையில் இம்மூவரையும் ஒருவராக்கினார். ஏழு பேய்களைத் தீயொழுக்கங்கள் என விளக்கினார். மேலைத் திருஅவை அதனையே பற்றிக்கொண்டது. கீழைத் திருஅவைகளோ அவர்களை வெவ்வேறு ஆட்களாகவே போற்றி வந்தன. 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்து வழிபாட்டுச் சீரமைப்பு இக்குழப்பத்தை நீக்கியது. அதுவரை ஜூலை 22 திருப்பலியில் வாசிக்கப்பட்டது பாவியான பெண்ணின் நிகழ்ச்சி. அதன்பின் வாசிக்கப்படுவது யோவான் 20ஆம் அதிகாரத்தின் உயிர்ப்புக் காட்சி. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் விருப்பப்படி அவரது நினைவு நாள், திருத்தூதர்களின் நாள்களுக்கு இணையாக, விழாவாக உயர்த்தப்பட்டது. 'திருத்தூதர்களின் திருத்தூதர்' என்னும் பழம்பெரும் பட்டமும் அவ்விழாவின் தொடக்கவுரையில் இடம்பெற்றது. திருஅவை திருத்திக்கொண்டதை நாம் திருத்திக்கொள்ள மறுப்பது ஏன்?

'பாவியருக்கு ஆறுதல் தரும் உருவத்தைப் பறிக்கலாமா?' என்று சிலர் கேட்பர். ஆறுதலை எவரும் பறிக்கவில்லை. லூக்கா காட்டும் பெயரற்ற பெண் அங்கேயே இருக்கிறார். பேதுருவும் இருக்கிறார். அவர் ஆண்டவரை மும்முறை மறுதலித்தது நான்கு நற்செய்திகளிலும் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் அவரைப் பாறை என்றே அழைக்கிறோம், அது முறையே. ஆணின் எழுதப்பட்ட பாவத்தை மன்னிக்கும் நாம், பெண்ணின் மேல் எழுதப்படாத பாவத்தைச் சுமத்துவது எவ்வகை அறம்?

சீடர் பலர் ஓடியபோது சிலுவையருகே நின்றவர் அவர்; விடியுமுன் கல்லறைக்குச் சென்றவர்; உயிர்த்த ஆண்டவரைக் கண்டு, அச்செய்தியைச் சீடருக்கு அறிவிக்க அவராலேயே அனுப்பப்பட்டவர். அனுப்பப்பட்டவர் என்பதே 'திருத்தூதர்' என்னும் சொல்லின் பொருள். பெண்கள் கொணர்ந்த அச்செய்தியைத் திருத்தூதர்கள் வெறும் பிதற்றலாகக் கருதினர் என்கிறார் லூக்கா. பெண்ணின் சான்றை ஏற்கத் தயங்கும் அந்நோய் நம் பங்குகளில் தீர்ந்துவிட்டதா?

மறையுரை ஆற்றும் குருக்களே, மறைக்கல்வி ஆசிரியர்களே, நாடகம் எழுதுவோரே! அவதூறைக் கைவிடுங்கள். வருகிற ஜூலை 22 அன்று நம் பிள்ளைகள் மகதலா மரியாவை உயிர்ப்பின் முதல் தூதராக அறியட்டும்.