அப்பா கையெழுத்து எங்கே?

ஜூன், ஜூலை வந்துவிட்டால் வங்கிக் கிளைகளில் கல்விக்கடன் கூட்டம் சேர்ந்துவிடும். முப்பத்துநாலு வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு தெருப் பிள்ளைகள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். எனக்கும் பொழுது போகிறது. ஒரு கேள்வியைக் கேட்டால் மட்டும் கோபம் வருகிறது. கிளையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "அப்பா கையெழுத்து எங்கேம்மா?" என்கிறார்களே, அந்தக் கேள்வி.

2001-ல் வந்த மாதிரி கல்விக்கடன் திட்டம்தான் பல திருத்தங்களோடு இன்றும் அடிப்படை. நாலு லட்சம் வரை சொத்துப் பிணையோ வெளியாள் ஜாமீனோ வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடனாளியாகச் சேர வேண்டும், அவ்வளவுதான். அப்பாதான் வரவேண்டும் என்று நிபந்தனை கிடையாது. அம்மாவும் பெற்றோர்தானே! நான் மேலாளராக இருந்தபோது அம்மா கையெழுத்தில் எத்தனையோ கடன் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவை ஒழுங்காக அடைந்தன.

போன மாதம் வந்த பெண்ணுக்குப் பதினெட்டு வயது. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அப்பா குடித்துவிட்டு அடிக்கிற ஆள். ஒருநாள் இரவு அம்மா கை ஒடிந்த நிலையில் பெண்ணை அழைத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்கு வந்தவர்தான், நாலு வருடமாகத் திரும்பிப் போகவில்லை. கிளையில் அப்பாவின் ஆதார், பான், சம்பளச் சான்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். வருமானச் சான்றிதழ் வாங்கப் போனால் அங்கேயும் சிக்கல். குடும்ப அட்டையில் இன்னும் மூன்று பேரும் ஒன்றாக இருப்பதால் அப்பா வருமானமும் சேருகிறது. பெயரை நீக்கலாம் என்றால், அட்டையில் பதிந்திருப்பது அவருடைய செல்போன் எண். ஓடிபி அங்கேதான் போகும்.

"தாத்தா, அவர்கிட்ட போனா நான் எங்க படிக்கப் போறேன்னு தெரிஞ்சிடும்" என்றாள்.

விஷயம் அதுதான். நம் வயதுக்காரர்கள் உடனே சொல்வது, "என்ன இருந்தாலும் பெத்த அப்பன். ஒரு கையெழுத்துக் கேட்டால் குறைந்தா போய்விடும்?" குறைந்துதான் போகும், ஐயா. கூட்டுக் கடனாளி ஆகிறவருக்கு அந்தக் கடன் கணக்கில் உரிமை உண்டு. கல்லூரி பெயர், கட்டணம் எல்லாம் காகிதத்தில் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் கிளைக்கு வந்து விசாரிக்கலாம். தப்பி வந்த பெண்ணின் விலாசத்தை நாமே எழுதி, அவர் கையில் கொடுத்த மாதிரி. கையெழுத்துக்கு விலையாக "உங்க அம்மாவைத் திரும்பி வரச்சொல்" என்று அவர் கேட்டால் பெண் என்ன செய்வாள்?

வங்கிக்காரன் பக்கமும் நியாயம் இருக்கிறது. வருமானத்தை மறைக்க, சேர்ந்து வாழ்ந்துகொண்டே பிரிந்துவிட்டோம் என்று எழுதித் தருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் விசாரிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை அப்பாவிடம் போய்த்தானா விசாரிக்க வேண்டும்? படித்த பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்கலாம். கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கலாம். கை ஒடிந்ததற்கு அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கும்.

அமெரிக்காவிலும் இந்தத் தலைவலி உண்டு. அங்கே அரசின் கல்வி உதவிக்கு, 24 வயதுக்குக் கீழே உள்ள பெரும்பாலான மாணவர்கள் பெற்றோர் வருமானத்தைக் காட்டியாக வேண்டும். அப்பா பணம் தரமாட்டேன் என்கிறார் என்பது மட்டும் காரணமாகாது. ஆனால் கொடுமைக்குப் பயந்து விலகி வந்த பிள்ளை என்றால், ஆசிரியர், சமூகப் பணியாளர் போன்றவர்களின் கடிதத்தைப் பார்த்து, கல்லூரியின் நிதியுதவி அலுவலரே பெற்றோர் விவரம் வேண்டாம் என்று முடிவு செய்யலாம். அவருக்குச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. நம் ஊர் கிளை மேலாளருக்கும் அப்படி எழுத்தில் ஓர் அதிகாரம் வேண்டும். இல்லாதவரை, தணிக்கையில் மாட்டுவோமோ என்று பயந்து அப்பாவையே கேட்டுக்கொண்டிருப்பார்.

நம் அரசும் சில இடங்களில் சரியாகச் செய்திருக்கிறது. 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் நேரே மாணவியின் கணக்குக்குப் போகிறது. எந்த வகைப் பள்ளியில் படித்தாள் என்பதுதான் கேள்வி.

இப்படி யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் சொல்லுங்கள். கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழுக்கு அம்மா இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் பதிவு செய்யும் அறிக்கை, வங்கியில் காட்ட நல்ல ஆவணம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 181-க்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். கிளையில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அப்போதே இறங்கி வந்துவிடுவார்கள். இறங்கவில்லை என்றால் அந்தக் காகிதத்தோடு மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். இந்தப் பெண்ணுக்கு அந்தக் கடிதத்தைத்தான் இன்று காலை எழுதிக் கொடுத்தேன்.