பேசும் பறையும் பேசாத பாடலும்

அண்மையில் ஆப்பிரிக்க இலக்கியம் குறித்து நண்பர்கள் சிலர் கூடிப் பேசிய மாலையொன்றில், மாணவர் ஒருவர் நைஜீரியத் தேவாலயப் பாடல் ஒன்றைக் கைபேசியில் ஒலிக்கவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிராது. மூத்த நண்பர் ஒருவர் கையசைத்து நிறுத்தச் சொன்னார். "முதலில் வெள்ளைக்காரன் ராகத்தைக் கொடுத்தான், இப்போது அமெரிக்காக்காரன் தாளத்தைக் கொடுக்கிறான். இதில் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது?" என்றார். அறையில் இருந்தோர் பலரும் தலையசைத்தனர். நாம் அன்று வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் உறுத்திக்கொண்டே இருந்ததால் இதனை எழுத நேர்ந்தது.

நம் இலக்கிய வட்டங்களில் நைஜீரியா என்றால் அச்செபே, சோயிங்கா, பிற்பாடு அடிச்சி. நாவல், நாடகம் ஆகியவற்றின் வழியே ஒரு நாட்டை அறிந்தவர்க்கு அந்நாட்டின் தேவாலயப் பாடல் காலனியத்தின் எச்சமாகத் தோன்றுவது இயல்பே. எனினும் அந்த நாவலையே ஊன்றிப் படித்தவர் சற்றுத் தயங்குவார். 1958இல் வெளிவந்து, தமிழில் 'சிதைவுகள்' எனும் பெயரில் நம்மை வந்தடைந்த அச்செபேயின் படைப்பில், ஒக்கொன்க்வோவின் மகனைப் புதிய மதத்தின்பால் ஈர்ப்பது எது? திரியேகத் தத்துவம் அவனுக்கு விளங்கவே இல்லை. ஒரு பாட்டுத்தான் அவனைக் கொண்டுபோகிறது. அதே படைப்பில் வேற்று வட்டார வழக்குடைய மொழிபெயர்ப்பாளன் 'நான்' என்று சொல்ல முனைந்து 'என் பிட்டம்' என்று சொல்லிவிட, ஊர் கைகொட்டிச் சிரிக்கிறது. பாட்டின் ஈர்ப்பு ஒருபுறம். அயல் வாயில் சிக்கிய சொல் படும் பாடு மறுபுறம். நைஜீரிய நற்செய்தி இசையின் கதை இவ்விரண்டுக்கும் இடையில்தான் நடக்கிறது.

நாம் சொல்ல விழைவது இதுவே: அவ்விசையின் ஒலி மாறியது குற்றமன்று, அது ஒரு மீட்சி. குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. அதனை நம் நண்பரும் காணவில்லை. அப்பாடல்கள் எத்தனை கோடி முறை கேட்கப்பட்டன என்று எண்ணி மகிழ்வோரும் காணவில்லை.

*

யொரூபா தொனிமொழி. அதில் மேல், இடை, கீழ் என மூன்று தொனிகள் உண்டு. 'ஒக்கொ' என்ற ஒரே எழுத்துக்கோவை, தொனி மாறும்போது கணவன் என்றும், மண்வெட்டி என்றும், வாகனம் என்றும், ஈட்டி என்றும் பொருள் தரும். இத்தகைய மொழியில் இசையமைப்பாளன் விரும்பிய இடத்தில் ராகத்தை ஏற்றி இறக்க முடியாது. சொல் ஏறும் இடத்தில் ராகமும் ஏறவேண்டும். தவறினால் பொருள் கெடும்.

1846இல் ஆங்கிலேயத் திருச்சபை மிஷன் அபியோகுட்டாவில் பணி தொடங்கியது. சிறுவனாக அடிமை வணிகரிடம் சிக்கி மீட்கப்பட்ட சாமுவேல் அஜாயி கிரவுதர் அதில் பங்கு கொண்டார், 1864இல் ஆயரானார். வேதாகமத்தை யொரூபாவில் பெயர்க்கும் பெரும்பணியை முன்னின்று நடத்தியவர் அவரே. உரைநடை அவர் கையில் தழைத்தது. ஆயின் கீதங்கள்? ஆங்கிலப் பாடல்களின் பொருளை யொரூபாவில் பெயர்த்து, ஆங்கில ராகங்களிலேயே பாடவைத்தனர். சொல் கீழிறங்க வேண்டிய இடத்தில் ராகம் மேலேறியது. பக்தியோடு பாடப்பட்ட வரிகள் காதுக்கு வேறு பொருள் தந்தன. சில வேளை பொருளே தரவில்லை. நம் நண்பர் போன்றோர் மனத்தில் 'பழைய தூய பாடல்' என்றிருப்பது உண்மையில் இதுதான். தன் மொழியைத் தானே மிதித்துக்கொண்டு பாடிய பாடல் அது.

பறைக்கு நேர்ந்த கதி இன்னும் கொடிது. யொரூபாவின் பேசும் பறையை இறுக்கியும் தளர்த்தியும் தொனிகளை எழுப்பலாம். வாயால் சொல்வதைப் பறை சொல்லும். ஊரின் புகழ்மாலைகளையும் முன்னோர் பெயர்களையும் அது உரைத்துவந்தது. பழைய தெய்வங்களின் பெயரும் அதில் ஒலித்தமையால் மிஷன் சபைகள் அதனை வாயிலுக்கு வெளியே நிறுத்தின. ஓர் இசைக்கருவியை விலக்குவதாக அவர்கள் எண்ணினர். விலக்கப்பட்டதோ பேச்சு.

இதனை முதலில் உணர்ந்தோர் சபைக்குள் இருந்தோரே. அபியோகுட்டாவின் போதகர் ஜோசையா ரான்ஸம்-குட்டி நாட்டுப்புற மெட்டுகளில் யொரூபாப் பாடல்கள் இயற்றினார். 1922இல் லண்டனில் ஸோனோஃபோன் நிறுவனத்துக்காக அவற்றை இசைத்தட்டில் பதிவு செய்தார். லாகோஸ் பேராலயத்தின் ஆர்கன் கலைஞர் எகுண்டாயோ பிலிப்ஸ், மொழியின் தொனியைப் பின்பற்றியே தேவாலய இசை அமைய வேண்டும் என்று வாதிட்டு 1953இல் நூலே வெளியிட்டார். இதற்கிடையே 1925இல் கெருபீன் சேராபீன் சபையும், 1930இன் எழுப்புதலைத் தொடர்ந்து பிற அலதுரா சபைகளும் தோன்றின. அலதுரா என்றால் செபிப்போர். வெள்ளங்கி, கைத்தட்டல், நடனம், பறை என வெளியே நின்றதெல்லாம் அவர்களோடு உள்ளே வந்தது. அவர்களைப் போன்ற கடற்கரைத் தீர்க்கதரிசிகளைச் சோயிங்கா தம் நாடகத்தில் எள்ளி நகையாடியது நமக்குத் தெரியும். அந்த எள்ளலுக்குத் தகுதியானோர் இருந்தனர் என்பதும் மெய்யே. ஆயினும் சொல்லும் ராகமும் மீண்டும் கைகோத்தது பெரும்பாலும் அத்தகைய ஆராதனைகளிலேதான்.

*

1986இல் பாபங்கிடாவின் இராணுவ அரசு கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. நைராவின் மதிப்பு சரிந்தது. ஊதியம் கரைந்தது. திரையரங்குகளும் கிடங்குகளும் ஆலயங்களாயின. இரவு விடுதிகளில் வாசித்தோர்க்குப் பிழைப்பு குன்றியது. ஒலிபெருக்கியும் கிதாரும் விசைப்பலகையும் வாங்கும் வசதி பெந்தேகோஸ்தே சபைகளிடம் இருந்தது. இசைக்கலைஞர் அங்கே சென்றனர். ஜுஜு இசையின் பெருங்கலைஞர் எபனேசர் ஓபே 1990களில் நற்செய்திப் பாடகரானார். 1977இல் 'ஃபயர் இன் சொவேட்டோ' பாடித் தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்த சன்னி ஒகோசன், பின்னாளில் துதிப்பாடல்களின் நற்செய்தியாளராகி 2008இல் மறைந்தார். இளையோர்க்கு ஆலயப் பாடகர் குழுவே இசைப்பள்ளியாயிற்று. இன்று உலகறிந்த விஸ்கிட் சிறுவனாக முதலில் பாடியது ஆலயக் குழுவொன்றில்தான்.

ஆகவே தேவாலயத்துக்குள் 'உலக இசை' புகுந்துவிட்டது என்று புலம்புவோர் வரலாற்றைத் தலைகீழாகப் படிக்கின்றனர். உள்ளும் புறமும் ஒரே கலைஞர்களால் ஆனபின் சுவர் எங்கே? டோப்பே அலாபியைக் கேளுங்கள். யொரூபாத் திரைப்படங்களுக்குப் பாடி வளர்ந்தவர் அவர். ஒரிக்கி எனப்படும் பழைய புகழ்மாலை வடிவில், நம் போற்றிகளைப் போலப் பெயர்மேல் பெயராக அடுக்கிக் கடவுளை அழைக்கிறார். பின்னால் பறை அதே பெயர்களைத் தன் நாவால் சொல்கிறது. மிஷன் காலத்தில் வெளியேற்றப்பட்ட பேச்சு திரும்பி வந்துவிட்டது. 'ஆப்பிரிக்கா எங்கே?' என்று கேட்ட நண்பருக்கு நம் விடை இதுவே.

அங்குச் சொல்லுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 2021இல் அடெயின்கா அலசேயோரி என்பாரின் 'ஓனிதூரோ மி' என்ற பாடல் பரவலாயிற்று. 'எனக்குப் பிணையாக நிற்பவரே' என்பது பொருள். கடவுள் பிணையாளியினும் மேலானவர், அச்சொல் அவருக்குப் போதாது என்னும் கருத்துப்படப் டோப்பே அலாபி பேசினார். பெரும் கண்டனம் எழுந்தது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் இயேசுவைப் பிணையாளி என்கிறதே என்றும் கேட்கலாம். யார் சொன்னது சரி என்பது நம் வழக்கன்று. ஒரு சொல்லின் பொருளாழம் பற்றி ஒரு சமூகம் வீதியெங்கும் வாதிட்டது! தமிழ் கற்பித்து வாழும் நமக்கு அதைக் கேட்டபோது பொறாமையே எழுந்தது.

*

இனிக் குற்றத்துக்கு வருவோம்.

ரான்ஸம்-குட்டியின் பேரன் ஃபெலா குட்டி. பாட்டனார் லண்டனில் பக்திப்பாடல் பதிவு செய்து ஐம்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், 1978இல் பேரனின் 'ஷஃபரிங் அண்ட் ஷ்மைலிங்' வெளிவந்தது. மறுமையின் பேரால் இம்மையின் துன்பத்தைச் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொள்ளும் மக்களையும், வசதியாக வாழும் மதத்தலைவர்களையும் அது ஒருசேரக் குத்திக்காட்டியது. கிறித்தவம், இஸ்லாம் இரண்டையும் அது விட்டுவைக்கவில்லை. அந்தக் குற்றச்சாட்டுக்கு நைஜீரிய நற்செய்தி இசை இன்றுவரை ஒரு பாடலால்கூடத் தகுந்த விடை தரவில்லை என்பது நம் எண்ணம்.

சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதில் துதி மட்டுமா இருக்கிறது? முறையீடு இருக்கிறது, அழுகை இருக்கிறது, எளியவனை ஒடுக்குவோன்மீது சினம் இருக்கிறது, ஏன் மறைந்துகொண்டீர் என்று கடவுளையே வழக்குக்கு இழுக்கும் துணிவு இருக்கிறது. நைஜீரியப் பாடகர் பலர் அந்நூலின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர். செழிப்பு உபதேசம் ஓங்கிய நாளிலிருந்து பாடலின் 'நாம்' மெல்ல 'நான்' ஆயிற்று. என் அற்புதம், என் உயர்வு, என் சாட்சி. ஊதியம் வராத ஊழியனுக்கும் மருந்து கிட்டாத தாய்க்கும் அந்த 'நான்' ஓர் ஊன்றுகோல் என்பதை நாம் மறுக்கவில்லை. ஊன்றுகோலைப் பிடுங்குவது நம் நோக்கமன்று. கால் முறிந்தது எப்படி என்று ஒருநாளாவது பாடவேண்டாமா என்றே கேட்கிறோம்.

2020ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். லாகோஸ் பாடகி சினாக் 2015இல் வெளியிட்ட 'வே மேக்கர்' அவ்வாண்டு அமெரிக்கச் சபைகளெங்கும் ஒலித்தது. அங்கே ஆண்டின் சிறந்த பாடலுக்கான டவ் விருதைப் பெற்றது. தொற்றுநோய்க் காலத்தில் மருத்துவமனைகளின் முன்னும், ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலைக்குப் பின் வீதிகளில் திரண்டோர் நடுவிலும் அதனைப் பாடினர். ஒரு காலத்தில் கீதங்களை இறக்குமதி செய்த மண், பாடுவோர் பலர் அதன் பிறப்பிடம் அறியாத அளவுக்குத் தன் பாடலை ஏற்றுமதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் நைஜீரிய இளைஞர், காவல்துறையின் சார்ஸ் பிரிவின் கொடுமைகளை எதிர்த்துத் திரண்டனர். அக்டோபர் 20ஆம் நாள் இரவு லெக்கி சுங்கச்சாவடியில் படையினர் சுட்டபோது அவர்கள் தேசியக் கொடியேந்தித் தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தனர். ஞாயிறுதோறும் பல மணி நேரம் பாடும் நாடு அது. நத்தானியேல் பாசி 2017இல் தொடங்கிய நள்ளிரவு அல்லேலூயா ஆராதனையில் பல்லாயிரவர் இணையம் வழியே கூடும் நாடு. அந்நாட்டுப் பிள்ளைகள் துப்பாக்கியின் முன் நின்றபோது, அந்த நேரத்துக்கென்றே இயற்றப்பட்ட ஒரு நற்செய்திப் பாடல் அவர்கள் நாவில் இருந்ததா? அயலார் வீதிக்குப் பயன்பட்ட பாடல் தன் வீதிக்கு ஏன் பயன்படவில்லை?

இன்னொரு பெயரும் உண்டு. சொல்லவே கூசுகிறது, சொல்லாமல் விடுவது அதனினும் பிழை. ஒசினாச்சி ந்வாச்சுக்வு. 2017இல் வெளிவந்த 'எக்வுயெமெ' பாடலில் ஒலித்த குரல் அவருடையது. அந்த இக்போச் சொல்லுக்குச் 'சொன்னதைச் செய்பவர்' என்று பொருள். 2022 ஏப்ரலில் அவர் இறந்தார். 2025 ஏப்ரலில் அபுஜாவின் உயர்நீதிமன்றம் அவர் கணவரைக் குற்றவாளியெனத் தீர்ப்பளித்து மரண தண்டனை விதித்தது. மரண தண்டனையை நாம் ஏற்கிறோமில்லை. அது வேறு விவாதம். அவர் மறைந்த நாள்களில் நைஜீரியச் சபைகளில் எழுந்த கேள்வியே இங்குப் பொருட்டு: அடிபடும் பெண்ணுக்குப் பொறுமையையும் செபத்தையும் மட்டுமே கற்பித்துவந்தது யார்? ஆயிரக்கணக்கானோரின் துயரை ஆற்றிய குரலுக்குத் தன் துயரைச் சொல்ல மரபில் ஒரு பாட்டு வடிவம் இல்லாதிருந்தது. முறையீட்டுச் சங்கீதங்களை விலக்கிய மரபு தன் பிள்ளைகளுக்கு முறையிடும் மொழியைத் தருவதில்லை. பாடல்வகை ஒன்றின் குறைபாடு சிலவேளை உயிர் தொடர்பான குறைபாடாகிவிடுகிறது.

*

இசைக்கு இத்தனை பொறுப்பைச் சுமத்தலாமா என்று கேட்போர் உண்டு. பாடகர் பாடட்டும், அரசியலை அரசியலார் பார்க்கட்டும் என்பர். பாட்டு வெறும் பொழுதுபோக்காக இருக்கும் இடத்தில் அவ்வாதம் நிற்கும். விழிப்பதும் உறங்குவதும் திருமணமும் அடக்கமும் பாட்டால் நடக்கும் சமூகத்தில் பாடாமல் விட்டதும் ஒரு கூற்றே. ஒகோசன் சொவேட்டோவுக்காகப் பாடியபோது தொலைவிலிருந்த நெருப்பு அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பின்வந்தோர்க்கு வீட்டு முற்றத்து நெருப்பு தெரியாமற்போனது ஏன் என்று கேட்கும் உரிமை, அவ்விசையை நேசித்துக் கேட்கும் எவர்க்கும் உண்டு.

நண்பருக்கு நாம் சொல்ல வேண்டியது இவ்வளவே. தாளத்தைக் கேட்டு முகம் சுளித்து அப்பாடலை நிறுத்திவிட்டீர்கள். தாளம் அவர்களுடையது, பறையும் அவர்களுடையது, அவற்றை மீட்க அவர்களுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. மறுமுறை கூடும்போது அதே பாடலை இறுதிவரை ஒலிக்கவிடுவோம். பிறகு, மீட்டெடுத்த நாவால் அவர்கள் இன்னும் சொல்லாமல் விட்டது எது என்று விவாதிப்போம். அந்த விவாதத்தில் நாம் தோற்றாலும் மகிழ்வோம். நாம் அறியாத ஒரு பாடலை யாரேனும் கொண்டுவந்து காட்டினால்தானே நாம் தோற்க முடியும்?