கல்லில் கணக்கு, பெயர் எங்கே?

குரும்பலூரிலிருந்து திருச்சிக்குப் போய்வரும் தோழர்கள் காந்தி மார்க்கெட்டு மணிக்கூண்டைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அதிலுள்ள கல்லைப் படித்தவர்கள் எத்தனை பேர்? 1914 முதல் 1919 வரையிலான பெரிய யுத்தத்திற்குத் திருச்சினாப்பள்ளியிலிருந்து 302 பேர் போனார்கள், அவர்களில் 41 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பதே அக்கல் சொல்லும் சேதி. அந்த 41 பேரில் ஒருவனுடைய பெயராவது அதில் உண்டா? இல்லை. தலைகளை எண்ணிய சர்க்காருக்குப் பெயரைக் கேட்க நேரமில்லை போலும்!

1995 வரை நம் பெரம்பலூரும் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்ததே. ஆகையால் அக்கல் நமக்கு அந்நியமானதல்ல. அந்த யுத்தத்திற்கு இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் போய், சுமார் 74,000 பேர் மாண்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். சக்கரவர்த்திகளின் சண்டையில் குடியானவன் பிள்ளைக்கு என்ன பங்கு? வயிற்றுப் பசியே அவர்களில் பலரைப் பட்டாளத்தில் சேர்த்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதனால் அவர்களுடைய தைரியம் குறைந்துவிடாது.

நிற்க, இப்படிப்பட்ட சாவைப் பற்றி நம் வைதிகர்கள் சொல்லுவதென்ன? "தலையெழுத்து" என்பார்கள்; "வீர சுவர்க்கம்" என்பார்கள். தலையெழுத்தானால் சண்டையைத் துவக்கியவன் குற்றமற்றவனாகிவிடுகிறான். சுவர்க்கமானால், அதைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை ஏன் முதலில் அனுப்பவில்லை? திதிக்கு அரிசியும் தட்சணையும் வாங்க மாத்திரம் முன்னே வருகிறார்களே, ஏன்?

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. செத்தவனுக்கு மாலை போட்டுக் கொண்டாடும் அதே ஊர், அவன் மனைவியின் பூவையும் பொட்டையும் பறிக்கிறது. அவள் எதிரே வந்தால் சகுனத்தடை என்கிறது. கலியாணப் பந்தலில் அவளை ஒதுக்கி வைக்கிறது. நாட்டைக் காத்தவனுடைய துணைவி வீட்டுக்கு ஆகாதவளா? எதிரியின் குண்டு ஜாதி பார்க்கவில்லை. ஊர்ச் சுடுகாடோ இன்னும் ஜாதி பார்க்கிறது. இது வீரனுக்குச் செய்யும் மரியாதையா, அவமானமா?

2019 பிப்ரவரி 14-ல் காஷ்மீரத்துப் புல்வாமாவில் மாண்ட 40 மத்திய ரிசர்வ் போலீஸ் வீரர்களில், நம் பக்கத்து அரியலூர் ஜில்லா கார்குடியைச் சேர்ந்த சிவச்சந்திரனும் ஒருவர். அவர் பெயரையாவது நாடு அறிந்தது. ஆனால் பெயரை அறிந்தால் மட்டும் போதுமா?

ஆகவே, தோழர்களே! உங்கள் ஊரிலிருந்து பட்டாளத்திற்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை, அவர்களை அறிந்த கிழவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி, படிப்பகச் சுவரில் மாட்டுங்கள். அதற்குக் கற்பூரமும் வேண்டாம், புரோகிதனும் வேண்டாம். அப்பலகையைத் திறந்து வைக்க அவ்வீரனுடைய மனைவியையே அழையுங்கள். அவளுக்குச் சேரவேண்டிய பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடுங்கள். அவள் மறுமணம் செய்துகொள்ள விரும்பினால் குறுக்கே நிற்கிறவனைத் தடுத்து, முன்னின்று நடத்திவையுங்கள். செத்தவனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவன் விட்டுப்போனவர்களை மனிதராக நடத்துவதேயாகும்.